பக்கத்துத் தாமானையும் சேர்த்துக் கணக்கெடுங்கள்: பாடாங், பூங்கா, மண்டபம் கேட்கும் முன் செய்ய வேண்டியவை

செந்தூல், ஜாலான் ஈப்போ, தாமான் வாஹ்யூ, செலாயாங், பத்துமலைப் பக்கம் குடியிருப்பவர்கள் யாரும் கோலாலம்பூர் எங்கே முடிகிறது, சிலாங்கூர் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து நடப்பதில்லை. செலாயாங் மொத்தச் சந்தை என்று எல்லாரும் சொல்லும் இடமே கோலாலம்பூருக்குள்தான் இருக்கிறது. ஆனால் விளையாட்டிடம் வேண்டும் என்று மனு எழுத உட்கார்ந்தால் மட்டும் நமக்கு எல்லைக்கோடு ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது, நம் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) என்ன இல்லை என்று மட்டும் எழுதுகிறோம், பக்கத்துத் தாமான்காரர்களும் அதையே எழுதுகிறார்கள், கடைசியில் கூப்பிடு தூரத்தில் ரெண்டு புட்சால் திடல் வந்துவிடும், வயதானவர்கள் சாயங்காலம் உட்கார ஒரு பெஞ்சு இருக்காது. அதனால் முதல் வேலை, ரெண்டு மூன்று தாமான்களைச் சேர்த்து ஒரே வட்டாரமாக எடுத்துக்கொள்வது. குடியிருப்பாளர் சங்கம், ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்க அமைப்பு), கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கம் என்று ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஓரிருவர் வந்தால் போதும்.

வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடங்கள்

கூகுள் வரைபடத்தில் ஒவ்வொரு பாடாங்கையும் (திடலையும்) புள்ளி வைத்து, அதைச் சுற்றி 400 மீட்டர் வட்டம் போடுவது எளிது. 400 மீட்டர் என்றால் நல்ல கால் உள்ளவருக்கு ஐந்து நிமிட நடை. ஆனால் அந்த வட்டத்தை நம்பி எதையும் எழுத வேண்டாம். நடுவில் எம்ஆர்ஆர்2 நெடுஞ்சாலை போகிறதா, கொமுட்டர் ரயில் தண்டவாளம் போகிறதா, ஆறு போகிறதா என்று பாருங்கள். பத்துமலைக்குப் போகும் கொமுட்டர் பாதையை ஒட்டிய வீடுகளுக்கு எதிர்ப்பக்கப் பூங்கா கண்ணுக்குத் தெரியும், ஆனால் மேம்பாலம் ஏறி இறங்கிச் சுற்றிப் போனால் கால் மணி நேரம் ஆகலாம். அந்த வீடுகளுக்குப் பூங்கா இல்லை என்றுதான் கணக்கு. ஆகவே ஒவ்வொரு முனையிலிருந்தும் நடந்து பார்த்து நிமிடத்தைக் குறியுங்கள், முடிந்தால் ஒரு பாட்டியையோ, தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருக்கும் அம்மாவையோ கூட அழைத்துப் போங்கள். நடைபாதை எங்கே உடைந்திருக்கிறது, எந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் ஏறி வருகிறது, எங்கே விளக்கு எரியவில்லை என்பதெல்லாம் அவர்கள் கூட நடக்கும்போதுதான் தெரியும்.

யார் வருகிறார்கள், யார் வரவில்லை

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் எண்ணிவிட்டு வந்தால் அது கணக்கே இல்லை. வேலை நாள் மாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை ஒரு தடவை, சனிக்கிழமை காலை ஒரு தடவை, பள்ளி விடுமுறையில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். நம் ஊரில் மதியத்துக்குப் பிறகு அடிக்கடி மழை, ஏழு ஏழரைக்குள் சூரியன் மறைந்துவிடும், அதனால் வேலை முடிந்து வருபவருக்குக் கிடைப்பது இருட்டு நேரம்தான். விளக்கும் கூரையும் இல்லாத திடலைத் தாளில் "வசதி உண்டு" என்று எழுதிவிட்டால் பாதிப் பேருக்கு அது இல்லாததற்குச் சமம்.

எண்ணும்போது வயது, ஆண், பெண், என்ன செய்கிறார்கள் என்று கோடு போட்டு வாருங்கள். அதைவிட முக்கியம், கண்ணில் படாதவர்கள் யார் என்பது. பெரும்பாலும் பதின்ம வயதுப் பெண் பிள்ளைகள், வீட்டில் இருக்கும் அம்மாக்கள், சக்கர நாற்காலிக்காரர்கள், அடுக்குமாடியில் மேல் மாடியில் இருக்கும் முதியவர்கள். இவர்களைப் பூங்காவில் தேடிப் பயனில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில், பள்ளி வாசலில், கிளினிக்கில், பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) போய்க் கேளுங்கள். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லாரும் நீச்சல் குளம் என்பார்கள். "போன வாரம் சாயங்காலம் எங்கே போனீர்கள், எவ்வளவு செலவாச்சு, பக்கத்துப் பாடாங்குக்கு ஏன் போகவில்லை?" என்று கேட்டால் உண்மையான பதில் வரும். கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது, பையன்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், நாய்த் தொல்லை, இதையெல்லாம் சரிசெய்யப் புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம்.

இருப்பது எந்த நிலையில் இருக்கிறது

இதைக் கொஞ்சம் பொறுமையாகச் செய்யுங்கள். சிறுவர் விளையாட்டுச் சாதனத்துக்குப் பக்கத்தில் ஓர் அளவு நாடாவோடு போங்கள். கம்பிகளுக்கு நடுவில், ஏணிப் படிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி சுமார் 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் நடுவில் இருந்தால் ஆபத்து, சின்னப் பிள்ளையின் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். பிள்ளை நிற்கும் உயரம் 60 செ.மீ.க்கு மேல் போனால் கீழே ரப்பர் தரையோ மணலோ போல அடியைத் தாங்கும் ஏதாவது இருக்க வேண்டும், வெறும் சிமெண்டு கூடாது. ரப்பர் ஓடுகள் வெயிலில் சுருங்கி ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும், கால் தடுக்குவது அங்கேதான். ஊஞ்சல் சங்கிலி மேலே கொக்கியில் தேய்ந்து மெலிந்திருக்கிறதா, கம்பத்தின் அடி துருப்பிடித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், மேலே புதுச் சாயம் அடித்திருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சறுக்குமரத்தின் அடியில் மழைத் தண்ணீர் தேங்கினால் அதையும் எழுதுங்கள், ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். எல்லாவற்றுக்கும் தேதியோடு படம்.

நிலம் யாருடையது

நிறைய மனுக்கள் இங்கேதான் நின்றுபோகின்றன. காலியாகக் கிடக்கும் புல்வெளி எல்லாம் பொது நிலம் இல்லை. மின்கம்பிக்குக் கீழே உள்ள நிலம், ஆற்றோர ஒதுக்கு நிலம், மேம்பாலத்தின் அடி, ரயில் நிலம், பள்ளிப் பாடாங் எல்லாவற்றுக்கும் வேறு வேறு ஆள். ஆறு, வெள்ளத் தேக்கக் குளம் என்றால் ஜேபிஎஸ் (வடிகால், நீர்ப்பாசனத் துறை), பள்ளி என்றால் கல்வி அமைச்சு. தேக்கக் குளம் என்றதும் முடியாது என்று விட்டுவிட வேண்டாம், ஜாலான் ஈப்போ பக்கம் உள்ள பத்து மாநகரப் பூங்காவே வெள்ளத் தேக்கக் குளத்தைச் சுற்றி அமைந்ததுதான்.

கோலாலம்பூர் பக்க நிலத்துக்குக் கூட்டரசுப் பிரதேச நில அலுவலகம், செலாயாங் பக்கத்துக்குக் கோம்பாக் மாவட்ட நில அலுவலகம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த நிலம் தேசிய நிலச் சட்டத்தின் 62ஆவது பிரிவின்கீழ்ப் பொது நோக்கத்துக்காக அரசிதழில் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? ஆம் என்றால் அதற்குப் பாதுகாப்பு அதிகம். இல்லை என்றால் ஊஞ்சல் கேட்கும் முன் ஒதுக்கீட்டைக் கேளுங்கள். அப்புறம் எந்த நிலம் எதற்கு என்று வகுத்த மண்டலத் திட்டத்தைப் பாருங்கள், கோலாலம்பூருக்கு 2025இல் அரசிதழில் வந்த 2040 உள்ளூர்த் திட்டம் இருக்கிறது, சிலாங்கூர்ப் பக்கத்துக்கு பிளான்மலேசியாவின் (நகரத் திட்டமிடல் துறையின்) ஐ-பிளான் தளத்தில் தேடலாம். கோலாலம்பூரின் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் (டிடிடிஐ) ரிம்பா கியாரா பூங்காவின் ஒரு பகுதியில் அடுக்குமாடி வரவிருந்தபோது குடியிருப்பாளர்கள் 2017இல் வழக்குப் போட்டார்கள், 2018இல் உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள், மேல்முறையீட்டில் வென்றார்கள், 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமும் அவர்கள் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. அரசாங்கத் திட்ட ஆவணத்தில் அது பொதுத் திறந்தவெளி என்று இருந்ததை அவர்களால் எடுத்துக்காட்ட முடிந்தது. சாதாரணக் குடியிருப்பாளர்கள் ஆறு வருடம் விடாமல் நின்று காப்பாற்றிய பூங்கா அது, நாம் ஒரு பிற்பகல் ஒதுக்கி ஆவணத்தைத் தேட யோசிக்கக் கூடாது.

சேர்ந்து திட்டம் போடுவது

சின்னது எல்லாம் ஒவ்வொரு தாமானுக்கும் நடந்துபோகும் தூரத்தில், பெரியது வட்டாரத்துக்கு ஒன்று. சிறுவர் ஊஞ்சல், பெஞ்சு, நிழல், நடைபாதை முதல் வகை. கூரை போட்ட திடல், மண்டபம், ஓட்டப்பாதை ரெண்டாவது வகை. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

அளவுகளைத் தெரிந்து வைத்திருந்தால் பேச்சு சுலபம். பூப்பந்துக் களமும் செப்பாக் தக்ரோ களமும் ஒரே அளவு, 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர், வலை உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆக ஒரு கூரைக்குக் கீழே ரெண்டு களம் போட்டால் மலாய்க்கார இளைஞர்கள் தக்ரோ ஆடலாம், நம் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் பூப்பந்து ஆடலாம், வெளிக்கோடு மாற்ற வேண்டாம், உள்கோடுகள் மட்டும் வேறு. ஆண்கள் கபடிக்கு 13க்கு 10 மீட்டர், ரெண்டு களத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தால் வலைக் கம்பத்தைக் கழற்றிவிட்டுப் பாய் விரித்துக்கொள்ளலாம், அதனால் கம்பம் தரையில் புதைக்காத வகையாக இருக்கட்டும். சிலம்ப வகுப்புக்குக் கம்பு சுழற்றத் தலைக்கு மேலே உயரம் வேண்டும், தாழ்ந்த கூரை ஆகாது. உறுமி மேளப் பயிற்சிக்கு வீடுகளிலிருந்து தள்ளி ஓர் இடமும் முடிக்கும் நேரமும் முதலிலேயே எழுதி வையுங்கள், இல்லையென்றால் முதல் மாதமே புகார் வரும்.

யாரிடம் கொடுப்பது

கோலாலம்பூரில் நகராண்மைக் கழக உறுப்பினர் என்று யாரும் கிடையாது, சட்டமன்ற உறுப்பினரும் கிடையாது. நியமிக்கப்பட்ட டத்தோ பண்டார் (மேயர்), அவருக்குக் கீழே டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர மன்றம்), அப்புறம் நம் நாடாளுமன்ற உறுப்பினர், அவ்வளவுதான். செலாயாங் பக்கம் என்றால் எம்பிஎஸ் (செலாயாங் நகராண்மைக் கழக) உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினரும் உண்டு. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே வரைபடம், ஒரே எண்ணிக்கைத் தாள், ஒரே படங்கள் போகட்டும், முகப்புக் கடிதம் மட்டும் மாறட்டும். மலாயில் எழுதுங்கள், மூன்று பக்கத்துக்கு மேல் போகாதீர்கள், மீதியைப் பின்னிணைப்பில் வையுங்கள். அடுத்த வருட வரவுசெலவுக்கான பேச்சு இந்த வருடமே நடந்துவிடும் என்பதால் வருட நடுவிலேயே கையில் சேர வேண்டும். பட்டியலின் மேலே விளக்கு, கழிப்பறைப் பூட்டு, உடைந்த ஊஞ்சல் மாதிரி சீக்கிரம் முடியக்கூடியதை வையுங்கள், கூரைத் திடல் அதற்குக் கீழே வரட்டும்.

கூடவே ஒரு தாளில், திடல் கிடைத்த பிறகு சாவி யாரிடம், மின்கட்டணம் யார் கட்டுவது, முன்பதிவை யார் எழுதுவது, எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தாமானுக்கு எந்தெந்த நாள் என்று போட்டு ரெண்டு சங்கத் தலைவர்களும் கையெழுத்திட்டுச் சேர்த்துக் கொடுங்கள், அதிகாரிகள் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி பராமரிப்பு யார் என்பதுதான்.