பிடிஎஸ்டிக்கு ரத்தப் பரிசோதனை என்று செய்தி வந்தால் அதை எப்படிப் படிப்பது

‘மனக்காயத்தை இனி ரத்தத்திலேயே கண்டுபிடிக்கலாம்’ என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவ்வப்போது ஒரு செய்தி வந்து விழும். மனக்காயம் என்று அதில் சொல்வது பிடிஎஸ்டியை: போர், விபத்து, வன்முறை மாதிரி பயங்கர அனுபவத்துக்குப் பிறகு வரும் மனநலக் கோளாறு. பின்னாலேயே, “அக்கா, நீங்க லேப் ஆளாச்சே, இது நிஜமா?” என்று யாராவது கேட்பார்கள். நான் மதுரையில் ஒரு ஹார்மோன் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். மனநல மருத்துவம் என் துறை இல்லை. ஆனால் ஒரு டியூப் ரத்தம் எவ்வளவு சொல்லும், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளும் என்பது தெரியும். இப்படிப்பட்ட ஆய்வுகளை நான் எந்த வரிசையில் படிக்கிறேன் என்பதை எழுதுகிறேன். ஒரு பேனா, ஒரு துண்டுத் தாள் போதும். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் சரி.

பேச ஒரு நிஜ ஆய்வு வேண்டும். நியூயார்க் பல்கலைக்கழக மனநல மருத்துவர் சார்லஸ் மார்மரும் பல ஆய்வுக்கூடங்களைச் சேர்ந்த அவருடைய கூட்டாளிகளும் 2019-ல் ‘மாலிக்யூலர் சைக்கியாட்ரி’ இதழில் வெளியிட்டதை எடுத்துக்கொள்வோம். போருக்குப் போய்த் திரும்பிய அமெரிக்க ராணுவ ஆண்களிடம் ரத்தம் எடுத்து, பிடிஎஸ்டி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் பிரிக்க முடிகிறதா என்று பார்த்த ஆய்வு. இந்தத் துறையில் கவனமாகச் செய்யப்பட்டவற்றில் ஒன்று. அதனால்தான் இதை எடுக்கிறேன். மட்டமான ஆய்வில் ஓட்டை கண்டுபிடிப்பது பெரிய வித்தையா என்ன?

முதலில் யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்று தேடுங்கள். இங்கே 83 பேர் பிடிஎஸ்டி உள்ளவர்கள், 82 பேர் இல்லாதவர்கள். அந்த 82 பேரும் போர்க்களம் பார்த்தவர்கள்தான். இது முக்கியம். வீட்டிலேயே இருந்த ஆளோடு ஒப்பிட்டிருந்தால், ரத்தத்தில் தெரியும் வேறுபாடு நோயால் வந்ததா, போருக்குப் போனதால் வந்ததா என்று சொல்லவே முடியாது. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: எல்லாரும் ஆண்கள். பெண்களுக்கும், சாலை விபத்தில் தப்பியவர்களுக்கும், வீட்டுக்குள் அடிபட்டவர்களுக்கும் இதே குறிகள், அதாவது நோயைக் காட்டிக்கொடுக்கும் ரத்த அளவுகள், பொருந்தும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

அடுத்து, ஒருவருக்கு நோய் இருக்கிறது, இல்லை என்று யார் முடிவு செய்தார்கள்? இதைத்தான் செய்திகளில் விட்டுவிடுகிறார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் எதிரே உட்கார்ந்து, கெட்ட கனவு வருகிறதா, அந்த நினைவு கேட்காமலே வந்து தாக்குகிறதா, சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணல் ஒன்று உண்டு. சுருக்கமாக கேப்ஸ் என்பார்கள். இந்த மாதிரி ஆய்வுகளில் அதுதான் தராசு. ரத்தம் ‘சரியாகச் சொன்னது’ என்றால், நேர்காணல் சொன்னதையே ரத்தமும் சொன்னது என்றுதான் அர்த்தம். ராணுவத்தில் பலர் அறிகுறியை மறைப்பார்கள், வெட்கம், வேலை போய்விடும் என்ற பயம். அதனால்தான் பேச்சை நம்பாத ஒரு சோதனை வேண்டும் என்று ஆய்வாளர்கள் கிளம்பினார்கள். நியாயமான தேவைதான். ஆனால் நேர்காணலிலேயே மறைத்தவர் ‘நோய் இல்லாதவர்’ பக்கம் போய் உட்கார்ந்திருப்பார், இல்லையா?

இனி எண்கள். இந்தக் குழு அளந்து பார்த்தவை பத்து லட்சத்துக்கும் மேல். ஜீன்களின் மேல் ஒட்டும் மெத்தைல் என்ற சின்ன வேதிக் குறிகள், மைக்ரோ ஆர்என்ஏ (ஜீன்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் குட்டி மூலக்கூறுகள்), புரதங்கள், வளர்சிதைப் பொருட்கள் என்று கிடைத்ததையெல்லாம். ‘இருபதில் ஒன்று தற்செயலாக நடக்கலாம்’ என்ற வழக்கமான அளவுகோலை மட்டும் வைத்தால், எந்த நோயும் சம்பந்தப்படாமலே பத்து லட்சத்தில் ஐம்பதாயிரம் குறிகள் ‘வித்தியாசமாக’ வந்து நிற்கும். அவர்கள் அப்படி விடவில்லை. 343 குறிகளைப் பொறுக்கினார்கள். ஆட்களில் சுமார் 30 சதவீதம் பேரைத் திரும்ப வரவழைத்துச் சோதித்து, அதை 28 ஆகக் குறைத்தார்கள். அப்புறம் முற்றிலும் வேறு ஆட்களிடம், 26 பேர் நோய் உள்ளவர்கள், 26 பேர் இல்லாதவர்கள், அந்த 28 குறிகளை வைத்துப் பார்த்தார்கள். இந்த இரண்டாவது குழு இல்லாத ஆய்வு என்றால் நான் அங்கேயே மூடி வைத்துவிடுவேன்.

இரண்டாவது குழுவில் கிடைத்தது: மொத்தத் துல்லியம் 81 சதவீதம், நோய் உள்ளவரைப் பிடித்தது 85 சதவீதம், இல்லாதவரை இல்லை என்றது 77 சதவீதம். சதவீதத்தை உடனே ஆட்களாக மாற்றிவிடுங்கள். 26-ல் 22 பேரைப் பிடித்தது, 4 பேரைத் தவறவிட்டது. இன்னொரு பக்கம் 26-ல் 20 பேரைச் சரியாக விட்டது, 6 பேருக்கு இல்லாத நோயை இருக்கிறது என்றது. ‘81 சதவீதம்’ என்பதன் பின்னால் இருப்பது இந்த 52 பேர்தான். இரண்டு பேர் மாறிப் போயிருந்தால் எண்ணே மாறியிருக்கும்.

இப்போது துண்டுத் தாளை எடுங்கள். இதே சோதனையை 1000 பேருக்குச் செய்கிறோம், அவர்களில் நிஜமாக நோய் உள்ளவர் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். 100-ல் 85 பேர் பிடிபடுவார்கள். மீதி 900 பேரில் 23 சதவீதம், அதாவது 207 பேர், சும்மா மாட்டிக்கொள்வார்கள். ஆக ‘பாசிட்டிவ்’ ரிப்போர்ட் வாங்கியவர் 292 பேர். அவர்களில் நோய் உள்ளவர் 85. மூன்றில் ஒருவர்கூட இல்லை! இதே சோதனையை, பாதிப்பேருக்கு நோய் இருக்கும் என்று எதிர்பார்க்கும் ஒரு சிறப்பு மருத்துவமனையில் 1000 பேருக்குச் செய்தால், 540 பாசிட்டிவில் 425 நிஜம். சோதனை மாறவில்லை, வரிசையில் நிற்கும் ஆட்கள்தான் மாறினார்கள். செய்தியில் ‘81 சதவீதத் துல்லியம்’ என்று பார்த்ததும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால், பாதி செய்தி அடங்கிவிடும்.

அடுத்தது என் சொந்த இடம்: ஸாம்பிள். அளக்கப்பட்ட பொருளைவிட அதை எப்போது, எப்படி எடுத்தார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம். கார்ட்டிசாலை எடுத்துக்கொள்ளுங்கள், பிடிஎஸ்டி ஆய்வில் அதிகம் அடிபட்ட ஹார்மோன். காலை எட்டு மணிக்கு உச்சத்தில் இருக்கும், மாலை நாலு மணிக்கு ஏறத்தாழ பாதி, நள்ளிரவில் தரைமட்டம். அதனால் எங்கள் லேபில் டியூபில் பெயருக்குப் பக்கத்தில் நேரம் எழுதாமல் வந்தால் திருப்பி அனுப்புவோம். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு எடுப்பவர், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர், நைட் ஷிஃப்ட் முடிந்து நேரே வந்த வாட்ச்மேன், ஊசியைப் பார்த்தாலே நடுங்குபவர் என்று ஒவ்வொருவர் அளவும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். 24 மணி நேரச் சிறுநீர் என்றால் இன்னும் கஷ்டம். ஐந்து லிட்டர் கேனைக் கொடுத்து, முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு மறுநாள் அதே நேரம் வரை சேர்க்கச் சொல்வோம். பாதிப்பேர் ராத்திரிச் சிறுநீரை பாத்ரூமில் விட்டுவிட்டு வந்து, “எல்லாம் இருக்கு மேடம்” என்பார்கள்.

இவ்வளவு தொல்லைக்கு நடுவில்தான் 1986-ல் ஜான் மேசன் குழு, பிடிஎஸ்டி உள்ள வியட்நாம் போர் வீரர்களின் சிறுநீரில் கார்ட்டிசால் குறைவாக இருக்கிறது என்று எழுதியது. மன அழுத்தம் என்றால் கார்ட்டிசால் ஏறும் என்றுதானே எல்லாரும் நினைத்தார்கள், இது தலைகீழ். 1993-ல் ரேச்சல் யெஹுடா இன்னொரு படி போனார். இரவு டெக்ஸாமெத்தசோன் (கார்ட்டிசால் சுரப்பை அடக்கும் ஸ்டீராய்டு) மாத்திரை கொடுத்து மறுநாள் காலை கார்ட்டிசால் எவ்வளவு அடங்குகிறது என்று பார்க்கும் சோதனை எங்களுக்குப் பழக்கமானது, வழக்கமாக 1 மில்லிகிராம். அவர் பாதி, 0.5 மில்லிகிராம்தான் கொடுத்தார். பிடிஎஸ்டி உள்ளவர்களுக்கு அந்தச் சின்ன அளவிலேயே கார்ட்டிசால் அதிகமாக அடங்கியது. கார்ட்டிசாலுக்கு உடம்பு போடும் தடுப்பு ரொம்ப இறுக்கமாக வேலை செய்கிறது என்ற கருத்து அங்கிருந்து வலுப்பட்டது. எனக்குப் பிடித்த ஆய்வு இது. யோசித்து அளவைக் குறைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் 2007-ல் 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சாதாரண கார்ட்டிசால் அளவில் பிடிஎஸ்டி உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் மொத்தத்தில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே ‘ஸ்ட்ரெஸ் செக்கப் பேக்கேஜ்’ என்று யாராவது கார்ட்டிசாலைப் போட்டு விற்றால், அந்த எண்ணை வைத்து உங்கள் மனக்காயத்தை யாராலும் படிக்க முடியாது. கார்ட்டிசால் சோதனைக்கு வேறு உருப்படியான வேலைகள் உண்டு. அட்ரீனல் சுரப்பிக் கோளாறு ஒன்று.

மைக்ரோ ஆர்என்ஏ மாதிரி புதுக் குறிகளுக்கும் இதே கேள்விதான். ரத்தம் எடுக்கும்போது ஊசி சரியாக ஏறாமல் இழுத்தால் சிவப்பணு உடைந்து, ரத்தம் உறைந்தபின் பிரியும் சீரம் என்ற தெளிந்த நீர் ரோஸ் நிறத்தில் வரும். சிவப்பணுவுக்குள் இருக்கும் மைக்ரோ ஆர்என்ஏ எல்லாம் வெளியே வந்து கணக்கைக் கெடுக்கும். கட்டுரையில் ‘உடைந்த ஸாம்பிள்களை என்ன செய்தோம்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் அந்த லேபில் என்னைப் போல ஒருத்தி இருந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

அப்புறம், குறி முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்று கேட்க வேண்டும். 1995-ல் மனநல மருத்துவர் டக்ளஸ் பிரெம்னர் குழு 26 வியட்நாம் வீரர்களின் எம்ஆர்ஐ பார்த்து, நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸின் வலது பகுதி மற்றவர்களைவிட 8 சதவீதம் சிறியது என்றது. அதிர்ச்சி மூளையைச் சுருக்கிவிட்டது என்று ஊரே பேசியது. 2002-ல் இன்னொரு குழு, ஒரே மாதிரி இரட்டையர்களைத் தேடிப் பிடித்தது. ஒருவர் போருக்குப் போனவர், மற்றவர் போகாதவர். கடுமையான பிடிஎஸ்டி வந்தவருக்கு ஹிப்போகேம்பஸ் சிறிதாக இருந்தது. வீட்டிலேயே இருந்த உடன்பிறந்தவருக்கும் சிறிதாகவே இருந்தது! அப்படியென்றால் அது காயத்தின் தழும்பு என்பதைவிட, காயம் எளிதில் படக்கூடிய உடல்வாகு என்று எடுப்பதற்கே இடம் அதிகம். ஒரே நாளில் எடுத்த ஒற்றை ஸ்கேனோ ஒற்றை ரத்தமோ இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

ரத்தமே இல்லாத குறிகளும் உண்டு. அதே மார்மர் குழு 2019-ல் குரலை வைத்து ஒன்று செய்தது: 52 பேர் நோய் உள்ளவர்கள், 77 பேர் இல்லாதவர்கள், பேச்சிலிருந்து எடுத்த 40,526 அம்சங்களில் 18 மட்டும் எஞ்சின; 89 சதவீதம் சரியாகப் பிரித்தன. பேச்சு மெதுவாக, ஏற்ற இறக்கமில்லாமல் இருந்ததாம். மேலே சொன்ன கேள்விகளை நீங்களே இதில் போட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் எடுத்துக்கொடுக்கிறேன்: பெரும் மனச்சோர்வு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. நடைமுறையில் பிடிஎஸ்டியும் மனச்சோர்வும் சேர்ந்தே வருவது சகஜம்.

சரி, வீட்டில் ஒருவருக்கு விபத்துக்கோ அடிதடிக்கோ பிறகு தூக்கமில்லை, அந்த வழியாகப் போக மறுக்கிறார், சின்னச் சத்தத்துக்கும் பதறுகிறார், இது ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடிக்கிறது என்றால், லேபுக்குக் கூட்டிப் போகாதீர்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நேரில் போகத் தயங்கினால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். அவர்கள் கேட்கும் கேள்விகள்தான் இன்றைக்கும் அந்தப் பெரிய ஆய்வுகளின் தராசு. எப்போது தொடங்கியது, வாரத்தில் எத்தனை இரவு தூக்கம் கெடுகிறது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு போனால் மருத்துவருக்கு அது எந்த ரிப்போர்ட்டையும்விட உதவும். அவர் தைராய்டு, சர்க்கரை என்று ஏதாவது எழுதிக் கொடுத்தால் மறுக்காமல் எடுங்கள். வேறு காரணம் எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. வெறும் வயிற்றில் போகச் சொன்னால் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். எட்டரைக்கு மேல் எந்த லேபிலும் உட்கார நாற்காலி கிடைக்காது.