ஜப்பான் மர ஜாயின்ட் பழகுறீங்களா? தயவுசெஞ்சு போட்டுப் போட்டுப் பாக்காதீங்க

போன ஞாயித்துக்கிழமை கிளாஸ்ல புதுசா ரெண்டு பேர் சேர்ந்தாங்க. டோக்கியோ பக்கத்துல சைத்தாமால ஒரு பழைய தச்சுப் பட்டறை, வயசான தச்சர் தாத்தா ஒருத்தர் சொல்லித் தர்றார், நான் அங்க போக ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆச்சு, பொழப்பு என்னமோ கம்ப்யூட்டர் முன்னாடிதான். அந்த ரெண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள நான் முதல் வருஷம் பண்ணின அத்தனை கூத்தையும் வரிசை மாறாம பண்ணி முடிச்சாங்க. சிரிப்பும் வந்துச்சு, வயித்தெரிச்சலாவும் இருந்துச்சு. ரம்பத்தைத் தள்ளாதீங்க இழுங்க, உளியைத் தீட்டுங்க, இதெல்லாம் எல்லா வீடியோவுலயும் முதல் ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவாங்க, அதை விட்டுடறேன். மத்த தப்புங்க இதோ.

"ஒரு ஆணிகூட இல்லை!"னு புல்லரிக்கிறது

நானும் புல்லரிச்சவன்தான். நாரா பக்கத்துல ஹோர்யூஜி கோயில், உலகத்துல இன்னும் நிக்கிற ரொம்பப் பழைய மரக் கட்டடங்கள்ல ஒண்ணு, அஞ்சடுக்குக் கோபுரத்தோட நடுத்தூண் 594ல வெட்டின மரம்னு மரத்தோட ஆண்டு வளையத்தை வெச்சுக் கண்டுபிடிச்சிருக்காங்க. அங்கயும் இரும்பு ஆணி இருக்கு சார். கொல்லர் பட்டறையில அடிச்ச ஆணி. அந்தக் கோயிலைப் பழுதுபாத்த பெரிய தச்சர் நிஷியோகா சுனேகசு (1908–1995), பின்னாடி யாகுஷிஜி கோயில் வேலைக்குப் பழைய முறையிலயே கொல்லர்கிட்ட ஆணி அடிச்சு வாங்கினவர். பாரம் தாங்குறதுக்கு ஜாயின்ட், கைமரம் பலகை பிடிக்கிறதுக்கு ஆணி, அவ்ளோதான். ஆணி இல்லங்கறதையே தேடிட்டு நின்னா, திறமை எங்க இருக்குன்னு கண்ணுலயே படாது.

புதிர் மாதிரி ஜாயின்ட்லேருந்து ஆரம்பிக்கிறது

ஒசாகா கோட்டை ஓத்தேமோன் வாசல் தூண்ல ரெண்டு துண்டை நீட்டிச் சேர்த்த ஒரு ஒட்டு இருக்கு, எப்படி உள்ள போச்சுன்னு எக்ஸ்ரே எடுத்துத்தான் புரிஞ்சுக்கிட்டாங்க. அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல நேரா ஒரு துளை, அதுக்குள்ள போய் உக்கார்ற மாதிரி இன்னொரு மரத்தோட முனையில நேரா ஒரு நாக்கு.

போட்டுப் போட்டுப் பாக்குறது

இதான். இன்னைக்கு வரைக்கும் என்னைக் கடுப்பேத்துற ஒரே தப்பு. என்ன நடக்கும்னா, கோட்டுல வெட்டப் பயந்துட்டு "சேஃப்டிக்கு" கொஞ்சம் வெளிய தள்ளி வெட்டுவோம். அப்புறம் நாக்கைத் துளைக்குள்ள சொருகிப் பாப்போம், போகாது, தட்டுவோம், பாதி போய் மாட்டும், பிடுங்குவோம், உளியால ஒரு சீவு, மறுபடி சொருகு, மறுபடி தட்டு. வேலை நடக்கிற மாதிரியே இருக்கும். நடக்கிறது என்னன்னா ஹினோகி, சுகி எல்லாம் மெத்து மரம், ஒவ்வொரு தடவை உள்ள போய் வெளிய வரும்போதும் துளையோட விளிம்பு நசுங்கி மழுங்குது, கடைசியில ஜாயின்ட் சரியா உள்ள போகுது, ஆனா அங்க பிடிக்கிறதுக்கு எதுவுமே மிச்சம் இல்ல.

நான் பண்ணினது கனாவாத்சுகி. தூணோட அடி மக்கிப்போனா அந்தத் துண்டை மட்டும் எடுத்துட்டுப் புதுசு ஒட்டுவாங்கல்ல, அதுக்குப் போடுற ஒட்டு. ரெண்டு துண்டும் அச்சு அசலா ஒரே வடிவம், பக்கவாட்டுல சேர்த்து, நடுவுல வர்ற சின்னச் சந்துல ஒரு கட்டை ஆப்பு அடிச்சா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பூட்டிக்கும். 105 மில்லிமீட்டர் சதுர ஹினோகித் தூண், என் காசு, மூணு ஞாயித்துக்கிழமை. பதினோரு தடவை போட்டுப் பாத்தேன், எண்ணினேன். கடைசில சுத்தியலே வேண்டியிருக்கல, ஆப்பு விரலால தள்ளினதுக்கே உள்ள போயிடுச்சு. தாத்தா பாத்தார், ஒண்ணும் சொல்லல, ஆப்பை உருவி என் கையில குடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டார். அந்தத் தூண்ல ஒரு துண்டு இப்பவும் பட்டறையில சாணைக்கல்லுக்கு அடியில முட்டுக் குடுத்துட்டு கிடக்கு.

யோசிச்சுப் பாருங்க, நாலு மீட்டர் உத்தரத்தை யார் தூக்கிச் சொருகிச் சொருகிப் பாப்பாங்க? கையால வெட்டுற வீட்டுக்கு பட்டறையில ஒவ்வொரு மரமா வெட்டி, இ, ரோ, ஹா (நம்ம அ, ஆ, இ மாதிரி), ஒண்ணு ரெண்டு மூணுன்னு அடையாளம் எழுதி வெச்சுட்டு, சைட்ல ஒரே நாள்ல எழுப்பி நிறுத்திடுவாங்க. அன்னைக்குத்தான் அந்த நாக்கு அந்தத் துளையை முதல் தடவை பாக்குது. (இப்ப பெரும்பாலான வீட்டு மரத்தை ஃபேக்டரில மெஷினே வெட்டிடுது, அது வேற கதை.)

சரி, போடாம எப்படித் தெரியும்? சாஷிகானேன்னு ஒரு மூலைமட்டம், அதோட தகடு அகலமே 15 மில்லிமீட்டர். துளை 30ன்னா ரெண்டு தகடு அகலம். தாத்தா அந்தத் தகட்டைத் துளைக்குள்ள விட்டு, சுவர் ஓரமா மேலேருந்து கீழ வரைக்கும் மெதுவா நகத்துவார், நடுவுல எங்கயாவது வயிறு தள்ளியிருந்தா தகடு நிக்கும். நாக்கையும் அதே மட்டத்தால அளப்பார். அளவு ரெண்டும் சரின்னா போட்டுப் பாக்க என்ன இருக்கு? அதுக்கும் முன்னாடி கோடு. மூங்கில் பேனாவால மையில போட்ட கோட்டுக்கும் ஒரு தடிமன் இருக்குல்ல, அதை விட்டு வெட்டப் போறோமா, பாதி எடுக்கப் போறோமா, முழுசா எடுக்கப் போறோமான்னு ரம்பத்தைத் தொடுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும். நம்ம ஊர் ஆசாரி ஒரு நூல் கூடன்னா அரைக்கால் இஞ்ச், இங்க சண்டையே ஒரு கோட்டோட தடிமனுக்குள்ள.

கடைசியா கிகொரோஷி. "மரத்தைக் கொல்லுறது"ன்னு அர்த்தம். கெந்நோ சுத்தியலுக்கு ஒரு முகம் தட்டை, இன்னொண்ணு லேசா உப்பலா இருக்கும். அந்த உப்பல் பக்கத்தால நாக்கைச் சுத்தித் தட்டி நாரை அமுக்கிட்டு உள்ள அடிச்சா சுளுவா போகும், அப்புறம் ஈரம் இழுத்து ஊதிக்கிட்டு துளையை நிறைச்சுடும். பதினோரு தடவை நசுக்கின மரத்துல ஊதுறதுக்கு உயிர் எங்க இருக்கும்? வீடியோவுல "டக்"னு உள்ள போற சத்தம் இருக்கு பாருங்க, அதுக்காகத்தான் நாம எல்லாரும் இதுக்குள்ள வந்தோம், அந்தச் சத்தம்தான் நம்மளைக் கெடுக்குதுன்னு நினைக்கிறேன்.

மரத்துக்குத் தலை எது கால் எதுன்னு பாக்காதது

தூணை நிறுத்தும்போது வேர்ப்பக்கம் கீழ. அறுத்த மரத்துல மலை மலையா ரேகை தெரிஞ்சா அதோட கூர் மேல்பக்கம். பலகைன்னா பட்டைப்பக்கம் குழிஞ்சு வளையும், அதை மனசுல வெச்சுக்கிட்டு எந்த முகம் வெளிய வரணும்னு முடிவு பண்ணுங்க. கோடு போட்ட பிறகு இதை யோசிச்சா லேட்டு.

எம்டிஎஃப்ல பழகுறது

அது மர நாரைப் பசை போட்டு அமுக்கின பலகை, நாரோட்டமே கிடையாது. என்னத்தைப் பழக?

லூசானதுக்குப் பசை ஊத்துறது

தாத்தா பாக்காத நேரத்துல நானும் ஊத்தியிருக்கேன். கண்டுபிடிச்சுட்டார்.

உளி முதுகுல இருக்கிற குழியை டேமேஜ்னு நினைக்கிறது

அது அப்படித்தான் வரும். சுத்தி இருக்கிற மெல்லிசான விளிம்பு மட்டும் தட்டையா இருந்தா போதும், அதுக்குத்தான் நடுவுல குழி, தீட்டுற வேலை குறையும். புது ஆள் ஒருத்தர் கடையில ஏமாத்திட்டாங்கன்னு நினைச்சு, அந்தக் குழி போற வரைக்கும் கல்லுல தேச்சுட்டே இருந்தார். நான் பாத்து ஓடினப்ப பாதி போயிருந்துச்சு.