பதினேழாம் நாளிலிருந்து எழுதுங்கள்

ஒரு பிள்ளை வளர்ந்து ஆளாகும் கதையை எழுத உட்காருகிறவர்கள் பலரும் சாவு வீட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தெருவை அடைத்துப் போட்ட சாமியானா, நடு வீட்டில் கண்ணாடிப் பெட்டி, அழுது வீங்கிய அத்தை முகம், மூலையில் விழித்துக்கொண்டு நிற்கும் சிறுவன். எல்லாம் நடப்பதுதான். ஆனால் அன்றைக்கு அந்தப் பிள்ளையைச் சுற்றி ஐம்பது பேர் இருக்கிறார்கள், பங்காளி வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறது, யாரோ ஒருத்தி இழுத்துப் பிடித்து ஊட்டிவிடுகிறாள், அதனால் அவன் எதற்கும் பொறுப்பில்லை. காரியம் முடிந்து, கடைசியாகச் சித்தி குடும்பமும் பஸ் ஏறிப் போனபின் வீடு வெறிச்சென்று ஆகும் பாருங்கள், கதை அங்கேதான் இருக்கிறது. உங்கள் ஊர் வழக்கம் பத்தாம் நாளோ, பதின்மூன்றோ, பதினாறோ, அதற்கு மறுநாளிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

எழுதும் முன் ஒரு தாளை எடுத்து, இறந்துபோனவர் அந்த வீட்டில் என்னென்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று எழுதுங்கள். பாசமானவர், முன்கோபி என்றெல்லாம் குணத்தை எழுத வேண்டாம், வேலையை எழுதுங்கள். ராத்திரி கிரில் கேட்டைப் பூட்டுவது, கேஸ் சிலிண்டர் மாற்றுவது, மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்பியதும் நிறுத்துவது, பாட்டிக்கு மாத்திரை பிரித்துக் கொடுப்பது, சொந்தக்காரர் கல்யாணத்தில் மொய் எழுதுவது. இருபது தேறும்வரை விடாதீர்கள். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் எதிரே, இப்போது இது யார் தலையில் விழுகிறது என்று எழுதுங்கள். யார் கண்ணிலும் படாமல் ஒன்றிரண்டு வேலை மிஞ்சும். அதைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். இழப்பு வந்ததும் பிள்ளை தானாகப் பக்குவப்பட்டுவிடும் என்று நம்பி எழுதுவதால்தான் இந்த வகைக் கதைகள் இவ்வளவு கெட்டுப்போகின்றன என்பது என் எண்ணம்.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்தை இதற்காகவே ஒருமுறை பாருங்கள். முன்பு பள்ளிக்கூடத்துக்கு அம்மாவும் அக்கா துர்காவும் சேர்ந்து கிளப்பிவிட்ட பிள்ளை அப்பு. துர்கா மழையில் நனைந்து, காய்ச்சலில் விழுந்து, புயலடிக்கும் ராத்திரியில் போய்விடுகிறாள். அதற்குப் பிறகு அவன் தானே தலை வாரிக்கொண்டு வெளியே கிளம்புகிறான், வானத்தைப் பார்க்கிறான், திரும்பி வந்து குடையை எடுத்துக்கொண்டு போகிறான். அவ்வளவுதான், ஒரு பேச்சு இல்லை. மேகத்தைப் பார்த்து யோசிக்க இதுவரை அவனுக்கு அவசியம் வந்ததில்லை. பிறகு ஊரைவிட்டுக் கிளம்பச் சாமான் கட்டும்போது, திருடியதாகப் பக்கத்து வீட்டுக்காரி பழி சொன்னபோது எடுக்கவே இல்லை என்று துர்கா சாதித்த கழுத்து மாலை அவன் கையில் கிடைக்கிறது. யாரிடமும் காட்டாமல் குளத்தில் எறிகிறான், பாசி விலகி மறுபடி மூடிக்கொள்கிறது. அக்காவின் மானத்தைக் காக்கும் வேலையும் அவன் கைக்கு வந்துவிட்டது. அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை, ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

அடுத்து வயதைக் கறாராக முடிவு செய்யுங்கள். "சின்னப் பையன்" என்பது போதாது. மரியா நாகி என்ற உளவியலாளர் ஹங்கேரியில் குழந்தைகளிடம் பேசி 1948ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்கள் சாவைத் தூக்கம் போல, வெளியூர் போவதைப் போலத் திரும்பி வரக்கூடியதாக நினைப்பதையும், ஒன்பது வயதை ஒட்டித்தான் எல்லோருக்கும் இது உண்டு, திரும்பி வருவதில்லை என்பது பிடிபடுவதையும் சொன்னார். எல்லாப் பிள்ளைக்கும் இந்த அளவுகோல் அப்படியே பொருந்தாது, ஆனால் நாலு வயதுக் குழந்தையைத் தத்துவம் பேச வைக்காமல் தடுக்க இது போதும். "அப்பா சாமிகிட்டப் போயிட்டாங்க" என்று பெரியவர்கள் சொன்னால் அந்த வயதில் வரும் கேள்வி "சோறு யாரு போடுவா?" என்பதாக இருக்கும். சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் வரும் சிறுவன் பிப் அப்பாவைப் பார்த்ததே இல்லை, கல்லறையில் செதுக்கிய எழுத்துகளின் வடிவத்தை வைத்து அவர் கட்டையான, கறுத்த, சுருட்டை முடிக்காரர் என்று முடிவு கட்டுகிறான். பிள்ளைகளின் தர்க்கம் இப்படித்தான் ஓடும்.

சாவு நாளை எழுதியே ஆக வேண்டும் என்றால், பிள்ளையின் உடம்பில் பட்டதை மட்டும் எழுதுங்கள். கொள்ளி வைக்கும் பையன் என்றால், தோளில் பானையோடு சுற்றி வரும்போது பின்னாலிருந்து ஒருவர் அரிவாளால் துளை போடுவார், தண்ணீர் முதுகில் வழியும். அந்தச் சில்லிப்பு போதும். கதை சொல்வது பெண் பிள்ளை என்றால் இன்னும் நல்லது, ஏனென்றால் நம் ஊர்களில் பெரும்பாலும் அவளைச் சுடுகாட்டுக்கு விடுவதில்லை. ஆண்கள் எல்லோரும் போனபிறகு பெண்கள் வீட்டைக் கழுவி விடுவார்கள், நேற்று ராத்திரி அப்பா படுத்திருந்த இடத்தில் தண்ணீர் ஓடும். அதை நின்று பார்க்கிறவள் அவள்தான்.

"இனிமே நீதான் இந்த வீட்டுக்கு எல்லாம்" என்று ஏதாவது ஒரு பெரியப்பா சொல்வார். சொல்லட்டும். ஆனால் பையன் உடனே நிமிர்ந்து நிற்க வேண்டாம், அது சினிமா. அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, தொட்டிலில் கிடக்கும் தங்கைக்குச் சோறு பிசையப் போகட்டும், அம்மாவிடம் திட்டு வாங்கட்டும்.

நான் எழுதி அடித்த வரி இது: "அப்பா இல்லாத வீட்டில் இருள் கனத்திருந்தது. அன்றோடு அவள் பால்யம் முடிந்தது." மாற்றி எழுதியது இப்படி வந்தது:

"நடு ராத்திரியில் நாய் குரைத்தது. எழுந்து பார்த்தாள். கிரில் கேட்டில் கொண்டி மட்டும் போட்டிருந்தது, பூட்டு ஜன்னல் திட்டில் கிடந்தது. இத்தனை நாளும் மாமாதான் வாசலில் படுத்திருந்தார். அம்மாவை எழுப்பலாமா? அம்மா இன்றைக்குத்தான் தூங்குகிறாள். கொடியில் அப்பாவின் சட்டை தொங்கியது. பையில் கையை விட்டாள். ஒரு பஸ் டிக்கெட்டும் சாவியும் வந்தன."

அழுதாள் என்று எங்கேயும் எழுதவில்லை. படித்துக் காட்டியபோது என் அம்மா அந்தச் சட்டைப் பை வந்ததும் போதும் என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

கடைசியாக வினைச்சொல். நம் மொழி இந்த வகைக் கதைக்கு ஒரு பெரிய வசதியைக் கொடுத்திருக்கிறது. "அப்பா ஆறு மணிக்கு எழுந்துவிடுவார், காபிக்குச் சர்க்கரை போட மாட்டார்" என்றால் இருக்கிறவருக்கும் பொருந்தும், இல்லாதவருக்கும் பொருந்தும். நாலு பக்கம்கூட அப்படியே ஓட்டலாம், வாசகருக்குத் தெரியாது. "இருக்கிறார்" என்பது எந்த இடத்தில், யார் வாயில் முதல்முறையாக "இருந்தார்" ஆகிறது என்பதை நீங்கள் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். புது வகுப்பில் டீச்சர் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுப்பி அப்பா என்ன செய்கிறார் என்று கேட்பார். "லாரி ஓட்டறாங்க மிஸ்" என்று உங்கள் கதைப் பெண் பழக்கத்தில் சொல்லி உட்கார்ந்துவிடுவாள். டீச்சர் எழுதிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போயிருப்பார். எழுந்து திருத்திச் சொல்வதா, அப்படியே விட்டுவிடுவதா என்று அவள் யோசிக்கும் அந்த அரை நிமிஷத்தை அவசரப்படாமல் ஒரு பக்கம் எழுதுங்கள்.