ஃபைபர் படகில் மறுபடியும் ஒழுகல்: நான் சரிசெய்த விதம்

அக்கரைப்பேட்டையில் எங்கள் ஃபைபர் படகின் அடியில் விரிசல் விழுந்தது. பட்டறையில் கொடுத்து ஒட்டினோம். கொஞ்ச நாளிலேயே அதே இடத்தில் தண்ணீர். காசு போனதைவிட, தம்பிகள் நடுக்கடலிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டே கரை வந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

ஒட்டுப்போட்ட இடத்தைச் சுத்தியல் காம்பால் தட்டினேன். மற்ற இடம் ‘டக்’கென்றது, அது மட்டும் ‘பொத்’தென்றது. கிரைண்டர் வைத்ததும், ஒட்டியிருந்த மேட் (கண்ணாடி இழை விரிப்பு) அப்பளம்போல உரிந்து வந்தது. அடியில் ஈரம், பழைய பெயின்ட் அப்படியே. இவற்றின்மேல் மேட்டை ஒட்டும் பிசினான ரெசின் எப்படிப் பிடிக்கும்?

பட்டறைக்காரரைக் கரைக்கே கூட்டிவந்து காட்டினேன். கூலி வாங்காமல் மறுபடி செய்தார். இந்த முறை நான் பக்கத்திலேயே நின்றேன். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, விரிசலைச் சுற்றி அகலமாகச் சரிவாகத் தேய்த்து, மேட் அடுக்கி, காற்றுக்குமிழி போக ரோலரால் உருட்டினார். ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னர், ரெசின் அளவில் 1 முதல் 2 சதவீதம்தான். கூடினால் சூடேறி விரிசல்விடும். முழுக்க இறுகிய அப்புறம்தான் பெயின்ட்.