டார்ட்மூரில் பெட்டி தேடுபவர்கள் தவறும் இடங்கள்

ஒளித்து வைத்த பெட்டியைக் குறிப்பை வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டுதான் ‘லெட்டர்பாக்ஸிங்’. அதன் குறிப்பில் ‘கொடிக்கம்பம் 40 டிகிரி’ என்று இருக்கும். புதிதாக வருபவர் நேரே கொடிக்கம்பத்தடிக்குப் போவார், திசைகாட்டியை 40-க்குத் திருப்புவார், நடக்கத் தொடங்குவார். அவர் போவது பெட்டிக்கு நேர் எதிர்த் திசை. நானும் முதல் முறை இப்படித்தான் ஒரு முழுக் காலைப் பொழுதைத் தொலைத்தேன்.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்தில்தான் இந்தத் தேடல் பிறந்தது. 1854-ல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் குளத்தருகே ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். இன்று பாறை இடுக்குகளில் ஒளிந்திருக்கும் டப்பாக்களுக்குள் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் ஒரு சின்ன நோட்டும் இருக்கும். பெட்டியில் உள்ள ஸ்டாம்பை நம் நோட்டில் பதித்துக்கொள்கிறோம், நம் ஸ்டாம்பைப் பெட்டியில் உள்ள நோட்டில் பதித்துவிட்டு வருகிறோம்.

திசைக் கணக்குக்கு வருவோம். டார்ட்மூர்க் குறிப்புகளில் கோணத்தைப் பெரும்பாலும் பெட்டி இருக்கும் இடத்தில் நின்றுதான் எடுத்திருப்பார்கள். அதாவது, பெட்டியருகே நின்று பார்த்தால் கொடிக்கம்பம் 40 டிகிரியில் தெரியும். கம்பத்திலிருந்து பெட்டிக்குப் போக வேண்டுமானால் 180-ஐக் கூட்டி 220 டிகிரியில் நடக்க வேண்டும். இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. குறிப்பில் உள்ள வரைபட எண் (வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் எண்) காட்டும் பகுதிக்குப் போய் நின்று, கம்பத்தைப் பார்த்து அளந்து பாருங்கள். 50 என்று காட்டுகிறதா? கம்பத்தைப் பார்த்தபடியே வலப்பக்கம் நகருங்கள், எண் குறையும். 30 என்று காட்டினால் இடப்பக்கம். முதல் அடையாளம் சரியாக வந்ததும் குறிப்பில் உள்ள இரண்டாவது அடையாளத்தைப் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் ஒத்துப்போனால் பெட்டி உங்கள் காலடியில்தான் இருக்கும்.

தொலைவில் உள்ள குன்றை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு டிகிரி பிசகினால் தரையில் சுமார் 17 மீட்டர் விலகிவிடும். நூறு மீட்டரில் உள்ள பாறையென்றால் இரண்டு மீட்டர்கூட வராது. தூரத்து அடையாளம் பகுதியைக் காட்டட்டும், கடைசி நாலு எட்டுக்குப் பக்கத்துப் பாறையை வைத்துக்கொள்ளுங்கள். திசைகாட்டியை மொபைலோடு சேர்த்துப் பிடிக்கவும் கூடாது, முள் இழுபடும். பழைய குறிப்பு என்றால் இன்னொன்று: காந்த வடக்கு, அதாவது திசைகாட்டி முள் காட்டும் வடக்கு, ஆண்டுக்காண்டு நகர்கிறது. பல பத்தாண்டுகளுக்கு முன் காந்த வடக்கை வைத்து எடுத்த கோணம் இன்று சில டிகிரி தள்ளியே நிற்கும்.

வரைபட எண்ணிலும் இடறுவார்கள். 603 858 என்றால் முதல் மூன்று இலக்கம் கிழக்கு நோக்கி, அடுத்த மூன்று வடக்கு நோக்கி. மாற்றிப் படித்தால் போய்ச் சேரும் ஊரே வேறு. ஆறு இலக்க எண் காட்டுவது நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் சதுரம். அதை ஒரு புள்ளி என்று நினைத்து அங்கேயே கிளறிக்கொண்டிருப்பது வீண். குறிப்பில் ‘இருபது எட்டு’ என்று தூரம் சொல்லியிருந்தால், அது எழுதியவரின் காலடிக் கணக்கு. உங்கள் இருபதில் தேடலை நிறுத்திவிடாமல் முன்னும் பின்னும் பாருங்கள்.

எனக்கு உண்மையாகவே மனம் நோவது, பெட்டி கிடைக்காத ஆத்திரத்தில் கற்களைப் புரட்டிப் போடுகிறவர்களைப் பார்க்கும்போதுதான். டார்ட்மூரில் வெண்கலக் கால மனிதர்கள் நட்ட கல் வரிசைகளும் ஈமக் கற்குவியல்களும் வழியெங்கும் இருக்கின்றன. அங்கே பெட்டி வைக்கக் கூடாது என்பது விதி, ஆகவே அங்கே தேட வேண்டிய அவசியமே இல்லை. புல் பெயர்க்க வேண்டியிருந்தால், சுவரிலிருந்து கல் உருவ வேண்டியிருந்தால், நீங்கள் நிற்கும் இடம் தவறு. பாறை இடுக்கில் வெறுங்கையை விடாதீர்கள், முதலில் குச்சியை விட்டுப் பாருங்கள். விரியன் இனத்துப் பாம்பு அங்கே உண்டு.

கிளம்பும் முன் ராணுவப் பயிற்சி நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிரான்மியர் இருப்பதே துப்பாக்கிச் சுடு களத்துக்குள். சிவப்புக் கொடி பறந்தால் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. கண்ணைப் பறிக்கும் பச்சைப் பாசி தெரிந்தால் சுற்றிப் போங்கள், அது சதுப்பு. மூடுபனி இறங்கும் வேகத்தை அங்கே நின்று பார்த்தவர்கள்தான் நம்புவார்கள்.

பெட்டி கிடைத்த பிறகு நடக்கும் தவறுகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கை ஈரமாக இருக்கும், காற்றுக்கு நோட்டின் தாள் படபடக்கும், அவசரம். ஈரக் கையோடு தாளைப் புரட்டினால் முன்னால் வந்தவர்களின் முத்திரைகள் எல்லாம் நீலக் கறையாகிவிடும். முதலில் கையைத் துடையுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். பதித்து முடித்ததும் ஸ்டாம்பில் ஒட்டிய மையைப் பழந்துணியால் ஒற்றி எடுங்கள், நோட்டை உறையில் போட்டு காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுங்கள், டப்பாவின் மூடி விளிம்பில் ஒரு புல் இழைகூடச் சிக்கியிருக்கக் கூடாது. அந்த ஒரு இழை வழியாகத்தான் மழை உள்ளே போகும்.

வைக்கும்போது, இதைவிட நல்ல மறைவு பக்கத்தில் தெரிகிறதே என்று தோன்றும். மாற்றாதீர்கள். எடுத்த அதே பொந்தில், மறைத்திருந்த அதே கல்லைச் சாத்திவிட்டு, நாலு எட்டு தள்ளி நின்று வெளியே தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.