வீட்டோரப் பனையும் சாகஸ் பூச்சியும்: எங்கே தவறு நடக்கிறது

முதலில் ஒன்று, நம் ஊர்ப் பனைமரத்தைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், இது அமெரிக்கக் கண்டங்களின் கதை. பனாமா, கொலம்பியா, வெனிசுவேலா பக்கம் கிராமத்து வீடுகளை ஒட்டியே பனை இனத்து மரங்கள் நிற்கும். மட்டைகள் தண்டோடு சேரும் இடுக்கில், காய்ந்த நாரும் குப்பையும் மண்டிக் கிடக்கிற இடத்தில், ரோட்னியஸ் என்கிற ரத்தம் குடிக்கும் பூச்சி குஞ்சுகுளுவானோடு குடியிருக்கும். பழுப்பு நிறம், நீளமான தலை, இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். பல வருடம் கழித்து இதயத்தைத் தளர்த்திவிடுகிற சாகஸ் நோயின் ஒட்டுண்ணியைச் சுமப்பது இதுவும் இதன் உறவுப் பூச்சிகளும்தான். 1909-ல் பிரேசிலில் மருத்துவர் கார்லோஸ் சாகஸ் இந்த நோயைக் கண்டுபிடித்துச் சொன்னார். இன்றைக்கும் உலகில் சுமார் 70 லட்சம் பேருக்கு இந்தத் தொற்று இருக்கிறது.

கடியைப் பார்த்துப் பயப்படுவதுதான் பெரிய தவறு. ஒட்டுண்ணி இருப்பது பூச்சியின் எச்சிலில் இல்லை, மலத்தில். தூங்குகிறவர் முகத்தில் வலிக்காமல் கடித்து, வயிறு முட்டக் குடித்துவிட்டு, பெரும்பாலும் அங்கேயே கழித்துவிட்டுப் போகும். அரைத்தூக்கத்தில் நாமே அதைச் சொறிந்து கடிவாயிலோ கண்ணிலோ தேய்த்துக்கொள்கிறோம். ஒரு பக்கத்துக் கண்ணிமை மட்டும் காரணமில்லாமல் வீங்கினால் அது ஒரு அடையாளம். அதனால் மேலே ஊர்கிற பூச்சியைப் பட்டென்று அடித்து நசுக்குவதைப் போல மோசமான காரியம் வேறில்லை. ஒரு டப்பாவைக் கவிழ்த்து, வெறும் கை படாமல் பிடித்து, சுகாதார நிலையத்தில் கொடுக்க வேண்டும். இடத்தை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

சரி, மரத்தையே வெட்டிவிட்டால்? பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், ஆனால் பூச்சி அந்த மரத்தில் சும்மா இருக்கவில்லை, அங்கே தங்குகிற ஒப்போசம் என்ற பைப்பாலூட்டியின் ரத்தத்தில்தான் வாழ்கிறது, ஒட்டுண்ணியும் பெரும்பாலும் அதனிடமிருந்துதான் வருகிறது. மரம் சாய்ந்தால் ஒப்போசம் ஓடிவிடும், பசித்த பூச்சிகளுக்கு அடுத்த ரத்தம் நம் வீட்டில்தான். கொண்டையில் சேர்கிற காய்ந்த மட்டையையும் குப்பையையும் அவ்வப்போது கழித்துவிடுவது இதைவிடப் புத்திசாலித்தனம். கழித்த மட்டையை வீட்டுச் சுவரோரம் குவித்து வைத்தால் செய்த வேலையெல்லாம் வீண். அப்படியே கூரைக்குப் போட்டால் இன்னும் மோசம், ஓலையில் முட்டைகள் ஒட்டிக்கொண்டே வந்துவிடும்.

மருந்து அடித்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பதும் அப்படித்தான். இதே நோயைப் பரப்புகிற, மண்சுவர் விரிசலில் வாழ்கிற டிரையடோமா இன்ஃபெஸ்டன்ஸ் என்ற இன்னொரு பூச்சிக்குச் சுவரில் மருந்தடிப்பது நன்றாகவே பலித்தது, அந்தப் பூச்சி வழியான பரவலை நிறுத்தியதற்கு 2006-ல் பிரேசில் சான்றிதழே வாங்கியது. ஆனால் பனைமரத்துப் பூச்சி வெளியே இருந்து பறந்து வருகிறது. இரவில் எரிகிற வாசல் விளக்கு அதற்கு அழைப்பு மாதிரி. விளக்கை அணைத்து, ஜன்னலுக்கு வலை அடித்து, கட்டிலுக்குக் கொசுவலை கட்டி விளிம்பை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும்.

கோழிக்கு இந்த ஒட்டுண்ணி தொற்றாது, அதனால் கோழிக்கூடு படுக்கையறைச் சுவரை ஒட்டி இருந்தால் என்ன என்று கேட்பார்கள். கோழி ரத்தத்தைக் குடித்துப் பூச்சி பல மடங்கு பெருகுமே!

பலருக்குத் தெரியாத வழி, சாறு. கரும்போடும் அசாயி என்ற பனைப்பழத்தோடும் சேர்ந்து பூச்சியும் அரைபட்டுவிடும். 2005-ல் பிரேசிலின் சாந்தா கத்தரினாவில் கரும்புச்சாற்றால் நோய் பரவியது. 2007-ல் வெனிசுவேலாவின் கராகஸ் நகரப் பள்ளி ஒன்றில் கொய்யாச்சாறு குடித்து நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்பக்கூடாது. பிரேசிலில் அசாயிப் பழத்தை அரைப்பதற்கு முன் 80 டிகிரி வெந்நீரில் 10 விநாடி முக்கி எடுக்கச் சொல்கிறார்கள்.

அப்புறம், தொற்றிய புதிதில் வந்த காய்ச்சல் விட்டுவிட்டது, இனி ஒன்றுமில்லை என்கிற நினைப்பு. தொற்றியவர்களில் மூன்றில் ஒரு பங்கு வரை பேருக்கு பத்து, இருபது வருடம் கழித்து இதயம் வீங்கித் தளர்ந்துபோகிறது, சிலருக்கு உணவுக்குழாயும் பெருங்குடலும் பெருத்துவிடுகின்றன. இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பென்ஸ்நிடசோல், நிஃபர்டிமாக்ஸ் என்று இரண்டு மருந்துகள் இருக்கின்றன, தொற்றிய உடனே கொடுத்தால் நன்றாகக் கேட்கும். கர்ப்ப காலத்தில் இவற்றைக் கொடுப்பதில்லை, தாயிடமிருந்து குழந்தைக்கும் தொற்றும் என்பதால் பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. தொற்றோடு பிறந்த குழந்தைக்கு முதல் வருடத்துக்குள் மருந்து கொடுத்தால் அநேகமாக முழுசாகக் குணமாகிவிடும்.