250 ஹெர்ட்ஸில் அழைக்காதீர்கள்: ரிசீவர் ஃபில்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் பெற்ற இளைஞர் ஒருவர் போன வாரம் என் மேஜையில் உட்கார்ந்து, 7 மெகாஹெர்ட்ஸில் மோர்ஸில் சிக்யூ, அதாவது 'யார் வேண்டுமானாலும் பதில் சொல்லுங்கள்' என்ற பொது அழைப்பை, விடுத்துக்கொண்டிருந்தார். நல்ல கை. எழுத்துக்கு எழுத்து சரியான இடைவெளி. இருபது நிமிடம் அழைத்தும் ஒருவரும் வரவில்லை. "பேண்டு செத்துக் கிடக்கிறது சார்" என்றார். எவ்வளவு அகலமான அலைவரிசை காதுக்கு வர வேண்டும் என்று தீர்மானிப்பது ஃபில்டர்; நான் எட்டி அதன் பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். ஹெட்ஃபோனில் மெல்லிய, சற்றுக் கீச்சென்ற ஒலி. யாரோ இவருடைய அழைப்புக்குறியையே அடித்துக்கொண்டிருந்தார்.

ஆன்டெனாவை இணைக்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை பட்டால் யாரும் திருந்திவிடுவார்கள். ஃபில்டர் தவறுகள் அப்படி அல்ல. வராமல் போன சிக்னல் எந்தத் தடயமும் விடுவதில்லை. அதனால்தான் வருடக்கணக்கில் தொடர்கின்றன.

குறுகிய ஃபில்டரோடு அழைப்பது

இந்த ஒன்றைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பொறுக்காது.

மோர்ஸ் சுருதியை 600 ஹெர்ட்ஸில் வைத்து, ஃபில்டரை 250 ஹெர்ட்ஸாகச் சுருக்கினால், உங்கள் காதுக்கு வருவது ஏறக்குறைய 475 முதல் 725 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி மட்டும். பதில் சொல்பவர் 300 ஹெர்ட்ஸ் தள்ளி நின்றால் அவர் உங்களுக்கு இல்லை. எல்லோரும் டயலைத் துல்லியமாக உங்கள் மேல் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல. கையால் செய்த சிறிய டிரான்ஸ்மிட்டரில் ஒரே ஒரு கிரிஸ்டல் இருக்கும். அது எங்கே அதிர்கிறதோ அங்கேதான் அவர் நிற்க முடியும்.

எனக்கு நடந்தது அதுதான். ஒரு போட்டி முடிந்த இரவு. நெருக்கம் கலைந்த பிறகும் ஃபில்டரை 250இலேயே விட்டுவிட்டு, 7.030க்குச் சற்று மேலே அழைத்துக்கொண்டிருந்தேன். பதில் இல்லை என்று அணைத்துவிட்டுப் படுத்தேன். சில மாதம் கழித்து ஹாம் சந்திப்பு ஒன்றில் ஒருவர் என் அழைப்புக்குறியைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டார். ஒரு வாட் செட்டை அவரே பற்றவைத்துச் செய்து, முதல்முதலாக அழைத்தது அன்று என்னைத்தான். நான்கு முறை அழைத்திருக்கிறார். நான் தொடர்ந்து சிக்யூ அடித்துக்கொண்டே இருந்ததால் தன் செட்டில்தான் கோளாறு என்று நினைத்து, காயிலைக் கழற்றித் திரும்பச் சுற்றியிருக்கிறார். ஒரு வார வேலை. செட்டில் ஒரு குறையும் இல்லை. குறை என் ஃபில்டரில் இருந்தது.

"குறுக்கினால் இரைச்சல் குறையுமே" என்பார்கள். குறையும். 2.4 கிலோஹெர்ட்ஸிலிருந்து 500 ஹெர்ட்ஸுக்கு வந்தால் ஏறக்குறைய 7 டெசிபெல் குறையும். அது பெரிய லாபம். 500இலிருந்து 250க்குப் போனால் கிடைப்பது வெறும் 3 டெசிபெல். அதற்காகப் பதில் வரும் கதவில் பாதியை அடைத்துவிடுகிறோம். மிகக் குறுகிய ஃபில்டரில் புள்ளியும் கோடும் மணி அடித்தாற்போல் இழுபட்டு ஒலிப்பது வேறு.

ஐகாம் ஐசி-7300 போன்ற செட்டில் மோர்ஸுக்கு 1.2 கிலோஹெர்ட்ஸ், 500, 250 என்று மூன்று ஃபில்டர்கள் தயாராகவே இருக்கின்றன. அழைக்கும்போது முதலாவது. பதில் வந்ததும், அனுப்பும் அலைவரிசையை மாற்றாமல் கேட்பதை மட்டும் நகர்த்தும் ஆர்ஐடி குமிழைத் திருப்பி அவரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு 500. பக்கத்தில் ஒருவர் ஏறி உட்கார்ந்தால் மட்டும் 250. தொடர்பு முடிந்ததும் உடனே மறுபடி முதலாவதற்கு. இந்தக் கடைசி அழுத்தலைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

குரலில் இரு பக்கமும் வெட்டுவது

எஸ்எஸ்பியில், அதாவது குரலை ஒரு பக்கப்பட்டையில் மட்டும் அனுப்பும் முறையில், 2.4 கிலோஹெர்ட்ஸ் பழக்கமான அகலம். 1.8க்கு வந்தால் தொல்லை குறையும், கூடவே 'எஸ்' எது, 'எஃப்' எது என்ற தெளிவும் போகும். அந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறல் ஒலி மேல் பகுதியில் இருக்கிறது. அழைப்புக்குறியில் ஓர் எழுத்து மாறினால் ஆளே மாறிவிடுகிறார்.

தொல்லை பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்துதான் வருகிறது. அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டுங்கள். 7 மெகாஹெர்ட்ஸில் நாம் பேசுவது கீழ்ப் பக்கப்பட்டையில். ஆகவே டயலில் நமக்குக் கீழே தள்ளி இருப்பவர் காதில் உயர்ந்த சுருதியில் கீச்சிடுவார். கீச்சொலி கேட்டால் பாஸ்பேண்ட் குமிழால் குரலின் மேல் விளிம்பை மட்டும் இறக்குங்கள்.

எஃப்டி8க்கு மோர்ஸ் ஃபில்டரை விட்டுவைப்பது

எஃப்டி8 கணினி வழியாகப் பேசும் டிஜிட்டல் முறை; பல நிலையங்கள் ஒரே நேரத்தில் அருகருகே இருக்கும். ஆகவே 3 கிலோஹெர்ட்ஸ். முழுதாகத் திறந்துவையுங்கள்.

குறுகிய எஃப்எம் அமைப்பில் அகலமான நிலையத்தைக் கேட்பது

உரக்கப் பேசும் உச்சத்தில் குரல் கரகரக்கும். அவர் மைக்கைக் குறை சொல்லாதீர்கள்.

ஹெட்ஃபோன் முனையில் ஃபில்டர் போட்டு ஏஜிசியை மறப்பது

பழைய செட்டோடு வெளியே ஓர் ஆடியோ ஃபில்டரை இணைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. ஏஜிசி, அதாவது வலுவான சிக்னல் வந்தால் ரிசீவரின் உணர்திறனைத் தானாகவே இறக்கும் அமைப்பு, அந்த ஃபில்டருக்கு முன்பே வேலை செய்துவிடுகிறது. ஒரு கிலோஹெர்ட்ஸ் தள்ளி வலுவான நிலையம் ஒன்று அடித்தால், ஃபில்டர் அதன் ஒலியை உங்களிடமிருந்து மறைத்துவிடும், ஏஜிசியிடமிருந்து மறைக்காது. அது ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் ரிசீவரின் உணர்திறன் இறங்க, நீங்கள் கேட்கும் மெல்லிய நிலையம் மூச்சு வாங்குவதுபோல் எழுந்து அமுங்கும். இந்த நிலையில் ஃபில்டரை மேலும் குறுக்குவதால் பயன் இல்லை. சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரைப் பாருங்கள்: காதில் கேட்காத தாளத்துக்கு முள் துள்ளினால் காரணம் இதுதான். ஏஜிசியை அணைத்துவிட்டு, உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் ஆர்எஃப் கெயினைக் கையால் இறக்கிக் கேளுங்கள். அணைத்த பிறகு வலுவான ஒலி நேரே காதில் அறையும். ஆகவே ஹெட்ஃபோன் ஒலியை முதலில் குறைத்துக்கொண்டு தொடங்குங்கள்.